1969 நவம்பர் 22: மிச்சிகன் 24, ஒஹாயோ ஸ்டேட் 12

ஹூரான்கரை:

வணக்கம் நண்பர்களே. இந்தச் சனிக்கிழமை மறுபடியும் மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். நம்மில் நிறையப் பேர் டெட்ராய்ட் பக்கமும் கொலம்பஸ் பக்கமும் வருடக்கணக்காக இருக்கிறோம். யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பிரியாணி ஆக்கி, கத்திக் கத்திப் பார்க்கிறோம். இரண்டு கல்லூரிகளுக்கு நடுவில் இவ்வளவு சூடு எப்படி வந்தது என்று போன வாரம் என் மகள் கேட்டாள். 1969இலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. இங்கேயும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் 1994இல் மிச்சிகன் கல்லூரி இருக்கும் ஆன் ஆர்பருக்குப் படிக்க வந்தவன். வயதான ஒரு தச்சரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருடைய சமையலறைச் சுவரில், பாதி கிழிந்த டிக்கெட் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். மனிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். உப்புக் குப்பியை எடுத்து மேசையின் ஒரு பக்கம் வைத்து, "இது பாரி பியர்சன்" என்றார். மிளகுக் குப்பி, கரண்டி, வெண்ணெய்க் கத்தி எல்லாம் ஒஹாயோ ஆட்கள். உப்புக் குப்பி அவற்றுக்கு நடுவில் புகுந்து புகுந்து மேசையின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. 25 வருடம் கழித்தும் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அந்த மேசையில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒஹாயோ ஸ்டேட் 1968இன் தேசிய சாம்பியன். 1969இலும் நாட்டிலேயே முதல் இடம். தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்த அணி. அந்த வருடம் டிசியுவை 62-0, விஸ்கான்சினை 62-7, ஆன் ஆர்பருக்கு வருவதற்கு முந்தைய வாரம் பர்டியூவை 42-14 என்று நொறுக்கியிருந்தார்கள். மிச்சிகன் 12ஆம் இடத்தில் இருந்தது. மிசூரியிடம் 40-17, மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறு கல்லூரியிடம் 23-12 என்று ஏற்கெனவே இரண்டு தோல்வி. ஒஹாயோ சுமார் 17 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு.

மிச்சிகனின் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லருக்கு அது முதல் வருடம், வயது 40. எதிரில் நின்ற வுடி ஹேஸ் அவருடைய குரு. மயாமி என்ற ஒஹாயோ கல்லூரியில் ஹேஸிடம் ஆடியவர், பிறகு ஒஹாயோ ஸ்டேட்டிலேயே அவருக்கு உதவியாளராக ஐந்து வருடம் இருந்தவர். பிறந்து வளர்ந்ததும் ஒஹாயோ மாநிலத்தில்தான்.

முதல் டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குள் கொண்டுபோவது) ஒஹாயோவுக்கு, ஜிம் ஓடிஸ் ஒரு யார்டு முட்டிக்கொண்டு போனார். 6-0. கார்வி கிரா பதிலடி கொடுத்தார், 7-6. ரெக்ஸ் கெர்ன் எறிந்த பந்தை ஜான் வைட் பிடித்தார், 12-7. மறுபடியும் கிரா, 14-12. இதுவரை எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலைமை.

அப்புறம்தான் உப்புக் குப்பியின் கதை. ஒஹாயோ நான்காவது முயற்சியில் பந்தை உதைத்து அனுப்பியது, அதைத்தான் பன்ட் என்பார்கள். பியர்சன் பிடித்தார். முதலில் வந்தவர்களிடமிருந்து நழுவினார், ஒரு சந்து கிடைத்தது, ஓடினார். 60 யார்டு. கோல் கோட்டுக்கு மூன்று யார்டு இருக்கும்போதுதான் விழுத்தினார்கள். டான் மூர்ஹெட் உள்ளே கொண்டுபோனார், 21-12. டிம் கில்லியன் ஒரு ஃபீல்டு கோல் உதைத்தார், 24-12. பாதி ஆட்டம் முடிந்தது.

இரண்டாம் பாதியில் இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை. நாட்டின் முதல் இட அணிக்கு முப்பது நிமிடத்தில் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அன்று மைதானத்தில் 1,03,588 பேர். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரரும் இறங்கியவர்தான்.

யாருக்கு என்ன நினைவு இருக்கிறதோ, எழுதுங்கள்.

டிராய்_புதுவரவு:

அண்ணா, நான் இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அலுவலகத்தில் இந்த வாரம் வேறு பேச்சே இல்லை. படிக்கப் படிக்க விறுவிறுப்பாக இருந்தது, ஆனால் ஒரு சந்தேகம். டச் டவுனுக்கு ஏழு புள்ளி என்று ஒருவர் சொன்னார், ஆறு என்று இன்னொருவர். நீங்கள் எழுதியதில் ஒஹாயோவுக்கு 6, பிறகு 12. இது எப்படி?

ஹூரான்கரை:

நல்ல கேள்வி தம்பி, இந்தக் கதைக்கு வேண்டிய கேள்வியும்கூட.

டச் டவுனுக்கு ஆறு. அதன்பின் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைத்தால் ஒன்று. உதைக்காமல், கோட்டுக்கு அருகிலிருந்து மறுபடி உள்ளே கொண்டுபோனால் இரண்டு. உதைப்பது கிட்டத்தட்ட நிச்சயம் என்பதால் ஏழு என்று சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

ஒஹாயோ முதல் டச் டவுனுக்குப் பிறகு உதைத்ததைத் தவறவிட்டது. இரண்டாவதில் உதை உள்ளே போனது. ஆனால் மிச்சிகன் ஆள் ஒருவர் முன்கூட்டியே கோட்டைத் தாண்டியதால் தண்டனை, பந்து இன்னும் கிட்டே வந்தது. ஹேஸ் கிடைத்த ஒன்றை விட்டுவிட்டு இரண்டுக்கு முயன்றார். மிச்சிகன் தடுத்துவிட்டது. அதனால்தான் 12.

இந்த "இரண்டுக்கு முயன்றார்" என்பதை மறக்காதே. 1968இல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் நடந்த ஆட்டத்தில், முடிய சில நிமிடமே இருக்கும்போது, ஒஹாயோ டச் டவுன் போட்டு 50-14 என்று முன்னால் இருந்தது. அப்போதும் ஹேஸ் ஒன்றுக்கு உதைக்கவில்லை, இரண்டுக்குப் போனார். கிடைக்கவில்லை, ஆனால் போனார். ஏன் என்று கேட்டதற்கு, மூன்றுக்குப் போக விதி இல்லாததால் என்று பதில் சொன்னதாக இன்றுவரை பேச்சு. மிச்சிகன் பையன்கள் அதை ஒரு வருடம் முழுக்கச் சுமந்தார்கள்.

சிவப்பு_சாம்பல்_கொலம்பஸ்:

இழை தொடங்கியவருக்கு நன்றி. நான் 22 வருடமாகக் கொலம்பஸ்வாசி, வீட்டில் எல்லோரும் ஒஹாயோ ஸ்டேட்டில் படித்தவர்கள். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 50-14. ஹேஸ் வேண்டுமென்றே அவமானப்படுத்தினார் என்பது ஒரு கதை. மாற்று ஆட்டக்காரர்கள் உள்ளே இருந்ததில் உதைக்கும் அணியில் குழப்பம், அந்த நேரத்தில் தானாக நடந்துவிட்டது என்று வேறு ஒரு கதையும் இங்கே புழக்கத்தில் உண்டு. அந்தப் பதில் மட்டும் ஹேஸின் வாய்க்கு அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

இரண்டாவது, அந்த அணியைச் சாதாரணமாகப் பேசிவிடக் கூடாது. ரெக்ஸ் கெர்ன், ஜாக் டேட்டம், ஜிம் ஸ்டில்வேகன் என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களாக உள்ளே வந்த கூட்டம் அது. 1968, 69, 70 மூன்று பருவத்திலும் சேர்த்து 27 வெற்றி, இரண்டே தோல்வி. ஒன்று ஆன் ஆர்பரில், மற்றது 1971 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டிடம். மூன்று தேசியப் பட்டம் எடுத்திருக்க வேண்டிய அணி என்று இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வி. அன்று ஒஹாயோ எறிந்த பந்தில் ஆறு மிச்சிகன் கையில் விழுந்தது. கெர்ன் நான்கு, அவருக்குப் பதில் வந்த ரான் மசியோவ்ஸ்கி இரண்டு. ஒரே ஆட்டத்தில் ஆறு இன்டர்செப்ஷன் என்பது பத்து வருடத்தில் ஒரு முறை நடக்கிற விஷயம். அடுத்த சனிக்கிழமை அதே இரண்டு அணியும் ஆடியிருந்தால் ஒஹாயோதான் ஜெயித்திருக்கும் என்பது என் கருத்து. அன்று மிச்சிகன் நன்றாக ஆடவில்லை என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கு நாள் சரியில்லை.

ஹூரான்கரை:

சார், அணியின் தரத்தைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஒப்புக்கொள்கிறேன். அது அவ்வளவு பெரிய அணி என்பதால்தான் 57 வயதான என் வீட்டுக்காரரின் கை நடுங்கியது.

ஆனால் நாள் சரியில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு பந்து, இரண்டு பந்து என்றால் அதிர்ஷ்டம். அதில் மூன்றை ஒரே ஆள் பிடித்திருக்கிறார், அதே பியர்சன்தான். ஹேஸின் அணி எறிந்து ஜெயித்த அணி இல்லை, தரையில் தள்ளித் தள்ளி ஜெயித்த அணி. மூன்று யார்டும் ஒரு புழுதி மண்டலமும் என்று அந்த ஆட்டத்துக்குப் பெயரே உண்டு. 12 புள்ளி பின்தங்கியதும் அவர்கள் தங்களுக்கு வசதியில்லாத ஆட்டத்தை ஆட வேண்டி வந்தது. அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது மிச்சிகன்.

ஷெம்பெக்லர் இதற்கு எப்படித் தயார் செய்தார் என்று பாருங்கள். பயிற்சியில் ஒஹாயோ மாதிரி நடிக்கிற அணிக்கு ஒவ்வொருவருக்கும் 50 என்ற எண் போட்ட சட்டை. உடை மாற்றும் அறையில் எங்கே பார்த்தாலும் 50. ஒரு வாரம் முன்னால் அயோவாவை அவர்கள் ஊரிலேயே 51-6 என்று அடித்துவிட்டு வந்தபோது, பையன்கள் அந்த வெற்றியைக் கொண்டாடவில்லை, ஒஹாயோ வேண்டும் என்று கத்தினார்கள். குருவின் ஆட்ட முறை சிஷ்யனுக்கு மனப்பாடம், ஏனென்றால் மிச்சிகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததும் அதே முறைதான். பையன்கள் ஒவ்வொரு நாளும் பயிற்சியில் ஒரு சின்ன ஒஹாயோவோடு மோதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்கு வந்தால், ஒஹாயோ அணி மிச்சிகனின் பாதியில் நின்று உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது. ஹேஸுக்குத் தெரியாமல் நடக்கிற காரியமா அது? ஷெம்பெக்லர் நேராகப் போய், நீங்கள் நிற்க வேண்டிய பக்கம் அது என்று சொன்னார். ஹேஸ் சரி என்று அணியைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தார். பத்து வருடம் முன்பு அதே மனிதர் முன்னால் கையைக் கட்டி நின்ற ஆள்! மிச்சிகன் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று நான் நம்புகிறேன்.

டோலிடோ_அக்கா:

எங்கள் ஊரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லலாமா? டோலிடோ ஒஹாயோவின் வடக்கு ஓரம். என் வீட்டிலிருந்து பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் மிச்சிகன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நீல மஞ்சள் கொடி, அடுத்த வீட்டில் சிவப்புக் கொடி. ஒரே வீட்டில் இரண்டும் பறப்பதும் உண்டு.

1835இல் இந்த ஊர் யாருக்கு என்று ஒஹாயோவும் மிச்சிகனும் படை திரட்டிக்கொண்டு வந்தன. டோலிடோ போர் என்றே பெயர், ஆனால் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. கடைசியில் டோலிடோ ஒஹாயோவுக்கு. அதற்கு ஈடாக ஏரிகளுக்கு அப்பால் இருக்கிற மேல் தீபகற்பம் மிச்சிகனுக்கு. 1837இல்தான் மிச்சிகன் மாநிலமானது. இரண்டு கல்லூரிகளும் முதலில் ஆடியது அதற்கு 60 வருடம் கழித்து, 1897இல்.

இப்போது கேளுங்கள். உங்கள் உப்புக் குப்பி, பாரி பியர்சன், எந்த ஊர்? செயின்ட் இக்னஸ். மேல் தீபகற்பத்து ஊர்! எங்கள் டோலிடோவைக் கொடுத்துவிட்டு மிச்சிகன் வாங்கிய மண்ணிலிருந்து ஒரு பையன் வந்து ஒஹாயோவைத் தோற்கடித்தான் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

வரைபடப்_பிரியன்:

அக்கா, சிலிர்ப்பைக் கெடுக்க மனமில்லை. ஆனால் ஈடாகக் கிடைத்தது மேல் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம், ஏறக்குறைய முக்கால் பங்கு. கிழக்கு நுனி முன்பே மிச்சிகனுடையது. செயின்ட் இக்னஸ் அந்தக் கிழக்கு நுனியில், மேக்கினா நீரிணையின் கரையில் இருக்கிறது. ஆகவே பியர்சனின் ஊர் ஈடாக வந்த நிலம் இல்லை.

டோலிடோ_அக்கா:

அப்படியா! இத்தனை வருடம் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் திருத்திச் சொல்கிறேன், நன்றி தம்பி. போன கோடையில்தான் அந்த நீரிணைப் பாலத்தைத் தாண்டிப் போனோம். இவ்வளவு சின்ன ஊரிலிருந்து ஒரு பையன் லட்சம் பேர் நடுவில் போய் நின்றானே என்பது மட்டும் மாறாது.

மதுரை_பிடி_வாத்தியார்:

நான் அமெரிக்காவில் இல்லை. மகன் சிகாகோவில் இருக்கிறான், அவன்தான் இந்த இழையை அனுப்பினான். 31 வருடம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கபடி, கைப்பந்து அணிகளை மாவட்டப் போட்டிகளுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அந்த 50 சட்டை என்னை யோசிக்க வைத்துவிட்டது.

தோல்வியைப் பையன் கண் முன்னாலேயே வைத்திருப்பது இருமுனைக் கத்தி. எங்கள் அணி ஒருமுறை மண்டலப் போட்டியில் படுதோல்வி அடைந்தது. மறு வருடம் அந்தப் புள்ளியைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். இரண்டு பையன்களுக்கு அது வேகம் கொடுத்தது. இன்னொருவன் பயந்தே போனான், கடைசியில் நானே அழித்தேன். ஆகவே எண்ணை ஒட்டியதால் ஜெயித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அதோடு கூட என்ன கொடுத்தார் அந்தப் பயிற்சியாளர்? அவருடைய பயிற்சி கடுமையானது என்று மகன் சொல்கிறான். எத்தனை பேர் தாங்கினார்கள்?

ஹூரான்கரை:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆமாம், கடுமைதான். அந்த 1969 வசந்தகாலப் பயிற்சியில் ஏராளமானோர் விட்டுவிட்டுப் போனார்கள். நிலைத்து நிற்பவர்கள் சாம்பியன் ஆவார்கள் என்று அவர் ஒரு பலகை மாட்டினார். விட்டுப் போன ஒரு பையன், போகிறவர்கள் டாக்டராகவும் வக்கீலாகவும் தொழிலதிபராகவும் ஆவார்கள் என்று அதன் கீழே எழுதிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்தப் பையனும் தவறு செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

கூட என்ன கொடுத்தார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை, காரியத்தைக் கொடுத்தார். 50 என்ற எண் சுவரில் இருந்தது. ஆனால் பையன்கள் நாள் முழுக்கச் செய்தது அதைப் பார்த்து அழுவதில்லை. ஓடிஸ் எந்தப் பக்கம் வருவார், கெர்ன் எப்போது தானே ஓடுவார், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று அத்தனையும் பயிற்சி. தடுப்புப் பக்கத்தை ஜிம் யங் பார்த்துக்கொண்டார். இடைவேளையில் அவர் பலகையைக் குத்தி, இனி அவர்களுக்கு ஒரு புள்ளி கிடையாது என்று கத்தினாராம். கிடைக்கவில்லை.

நல்ல ஆட்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஜிம் மேண்டிச், டான் டியர்டார்ஃப், டாம் கர்ட்டிஸ் போன்றவர்களை ஷெம்பெக்லர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன் இருந்த பம்ப் எலியட் சேர்த்துவிட்டுப் போன பையன்கள். 50-14 தோல்வியோடு எலியட்டின் பயிற்சியாளர் காலம் முடிந்தது, ஆனால் அந்த வெற்றியில் அவருக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்ல மறப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான்.

மதுரை_பிடி_வாத்தியார்:

முந்தைய வாத்தியார் வளர்த்த பிள்ளைகள். அதை எழுதியதற்கு நன்றி. பதவி மாறிப் போன வாத்தியார்களைப் பரிசளிப்பு விழாவில் யாரும் கூப்பிடுவதில்லை.

பிட்ஸ்பர்க்_நதிக்கரை:

எதிர்பாராத வெற்றி என்றால் எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007 டிசம்பர் 1. மேற்கு வர்ஜீனியா இரண்டாம் இடம், அந்த ஓர் ஆட்டம் ஜெயித்தால் தேசிய இறுதிப் போட்டி. எங்கள் பிட்ஸ்பர்க் கல்லூரி அணியான பிட் அதுவரை நான்கு வெற்றி, ஏழு தோல்வி. 28 புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்று கணித்திருந்தார்கள். 75 மைல் தள்ளி மார்கன்டவுனில், அவர்கள் மைதானத்தில் ஆட்டம். அவர்களுடைய ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பாட் வைட்டுக்குக் கட்டைவிரலில் அடிபட்டு வெளியே போக வேண்டி வந்தது, லெஷான் மெக்காய் எங்களுக்காக விடாமல் ஓடினார். 13-9. நான் அப்போது ஆய்வு மாணவன், ஆய்வகத்தில் வானொலியில் கேட்டேன். வெளியே தெருவில் கார்களின் ஹாரன் சத்தம் நள்ளிரவு தாண்டியும் நிற்கவில்லை.

சிவப்பு_சாம்பல்_கொலம்பஸ்:

அந்த இரவு எங்களுக்கும் மறக்காது. அன்று மேற்கு வர்ஜீனியாவும் முதல் இடத்திலிருந்த மிசூரியும் தோற்றன, ஒஹாயோ ஸ்டேட் இறுதிப் போட்டிக்குள் வந்தது. வந்து லூயிசியானாவின் எல்எஸ்யுவிடம் 38-24 என்று தோற்றோம்.

ஹூரான்கரை:

மேற்கு வர்ஜீனியாவின் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் சில வாரத்தில் மிச்சிகனுக்கு வந்துவிட்டார். அதே 2007 செப்டம்பர் 1 அன்று, ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை ஆன் ஆர்பரிலேயே அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று தோற்கடித்ததை நான் நேரில் பார்த்தேன். கடைசி உதையை அவர்கள் தடுத்தபோது என் பக்கத்தில் இருந்த மனிதர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அப்பலாச்சியன் எங்கிருந்தோ வந்து அடித்துவிட்டுப் போனது, அதோடு முடிந்தது. ஆண்டுதோறும் வருகிற எதிரியை ஒருவன் எதிர்பாராமல் வீழ்த்தினால் அது முடிவதில்லை. அடுத்த நவம்பர் வந்துவிடும்.

சிவப்பு_சாம்பல்_கொலம்பஸ்:

வந்தது. அதை நான் சொல்கிறேன்.

முதலில், அந்த ஆட்டம் எங்களுக்கு ஏன் எல்லாமாக இருந்தது என்று புதுவரவுத் தம்பிக்குப் புரிய வேண்டும். அப்போது இரண்டு கல்லூரிகளும் இருக்கும் பிக் டென் கூட்டமைப்பில் ஒரு விதி. தொடர்ந்து இரண்டு வருடம் ஒரே அணி ரோஸ் பவுலுக்குப் போகக் கூடாது. 1969 புத்தாண்டு அன்று ஒஹாயோ அங்கே போய் கலிஃபோர்னியாவின் யுஎஸ்சியை 27-16 என்று ஜெயித்திருந்தது. ஆகவே 1969இல் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த வருடம் ஆன் ஆர்பரோடு முடிகிறது. மிச்சிகனிடம் தோற்றதைத் துடைத்துக்கொள்ள அடுத்த ஆட்டமே இல்லை. தேசியப் பட்டம் டெக்சஸுக்குப் போனது, நாங்கள் நான்காம் இடம்.

ஹேஸ் என்ன செய்தார் தெரியுமா? 24-12 என்ற புள்ளியைப் பொறித்த ஒரு விரிப்பைக் கொண்டுவந்து, பையன்கள் பயிற்சிக்கு நடந்து போகிற வழியில் போட்டார். ஒரு வருடம் முழுக்க அதை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். சிஷ்யன் 50ஐச் சுவரில் வைத்தார், குரு 24-12ஐத் தரையில் வைத்தார். வாத்தியார் ஐயா இதைக் கவனிக்க வேண்டும், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற வித்தை இது. 1970இல் கொலம்பஸில் 20-9 என்று திருப்பிக் கொடுத்தோம்.

அப்புறம் 1978 வரை, மொத்தம் பத்து வருடம். பத்தாண்டுப் போர் என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். ஷெம்பெக்லருக்கு ஐந்து, ஹேஸுக்கு நான்கு, 1973இல் 10-10 என்று ஒரு சமன். ஹேஸ் மிச்சிகன் என்ற பெயரையே சொல்ல மாட்டார், வடக்கே இருக்கிற அந்த மாநிலம் என்பார். இன்றும் இந்த வாரத்தில் எங்கள் வளாகத்தில் பெயர்ப் பலகைகளில் மிச்சிகனின் முதல் எழுத்தைச் சிவப்புப் பட்டை ஒட்டி மறைக்கிறார்கள்.

1978 டிசம்பரில், கேட்டர் பவுல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவனை ஹேஸ் கையால் குத்திவிட்டார். வேலை போனது. அந்த மனிதரை நேசிக்கிறவன் நான், அதையும் மறைக்க மாட்டேன். செய்தது தவறு.

டிராய்_புதுவரவு:

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒஹாயோ போகக் கூடாது என்றால் ரோஸ் பவுலுக்கு மிச்சிகன் போனதா? ஜெயித்ததா?

ஹூரான்கரை:

போனது தம்பி. ஆனால் 1970 புத்தாண்டு ஆட்டம் தொடங்கும் முன், ஷெம்பெக்லருக்கு மாரடைப்பு. மருத்துவமனையில் படுத்திருந்தார். ஜிம் யங்தான் அணியை நடத்தினார். தங்கள் பயிற்சியாளர் பிழைப்பாரா என்றே தெரியாமல் பையன்கள் ஆடினார்கள். யுஎஸ்சி 10-3 என்று ஜெயித்தது.

பிழைத்துக்கொண்டார். 1989 வரை மிச்சிகனில் இருந்தார், 194 வெற்றி. இதைவிடப் பெரிய வெற்றி உனக்கு இனி கிடைக்காது என்று ஹேஸ் பின்னாளில் அவரிடம் சொன்னதாகவும், ஆமாம் என்று தான் ஒப்புக்கொண்டதாகவும் ஷெம்பெக்லரே சொல்லியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் 2003இல் காலமானார். அந்த டிக்கெட் அவருடைய பேத்தியிடம் இருக்கிறது. போன வருடம் அவளுடைய வீட்டில் சாப்பிட்டோம். மேசையில் உப்புக் குப்பி இருந்தது, என் மகளுக்கு அந்த ஓட்டத்தை நான் போட்டுக் காட்டினேன்.

சிவப்பு_சாம்பல்_கொலம்பஸ்:

நாள் சரியில்லை என்று முதலில் எழுதினேன். இரண்டு நாளாக யோசித்துப் பார்த்ததில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விரிப்பைப் போட்ட ஹேஸ் அது கெட்ட நாள் என்று நினைத்திருந்தால் அந்த விரிப்புக்கு அவசியமே இல்லை.

கடைசியாக ஒன்று. 2006 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, ஷெம்பெக்லர் காலமானார், 77 வயது. மறுநாள் கொலம்பஸில் ஆட்டம். ஒஹாயோ முதல் இடம், மிச்சிகன் இரண்டாம் இடம், இரண்டும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. நான் மைதானத்தில் இருந்தேன். ஆட்டத்துக்கு முன் பெரிய திரையில் அவர் முகம் வந்தது. மிச்சிகன் ஒரு பயிற்சியாளரை இழந்திருக்கிறது, ஒஹாயோ ஸ்டேட் தன் முன்னாள் மாணவரையும் நண்பரையும் இழந்திருக்கிறது என்று அறிவித்தார்கள். அவர் முதுகலை படித்தது எங்கள் கல்லூரியில்தான்.

லட்சம் பேர் எழுந்து நின்றோம். எனக்கு முன் வரிசையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பேரனிடம் மெதுவாக, "1969இல் நான் அங்கே இருந்தேன்" என்றார்.